டெக்சாஸ் பள்ளி மாவட்டத்தின் கணக்கைப் படிப்பது எப்படி? புதிதாகக் குடிவந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

டாலஸுக்கு வடக்கே வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் சமையலறையைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடும் கேள்வி "இது எந்த ஐ.எஸ்.டி.?" என்பதுதான். ஐ.எஸ்.டி. என்றால் சுயேச்சைப் பள்ளி மாவட்டம். பதிலாக, வீடு விற்கும் இணையதளங்களில் காணும் பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது என்ற ஓர் எண் கிடைக்கும். பலர் அதோடு விசாரணையை முடித்துக்கொண்டு, அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு வீட்டுக்கடனும் சொத்து வரியும் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பள்ளி மாவட்டம் ஆண்டுதோறும் தன் வரவு செலவையும், பிள்ளைகள் எதை எட்ட வேண்டும் என்ற இலக்குகளையும், எட்டினார்களா என்ற அறிக்கையையும் சட்டப்படி பொதுவில் வைக்கிறது. இந்த மூன்றும் தனித்தனி ஆவணங்கள். தனித்தனி மாதங்களில் வெளிவருபவை. மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் மாவட்டம் சொல்வதும் செய்வதும் ஒத்துப்போகின்றனவா என்பது தெரியவரும். எப்படிப் படிப்பது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறுபடுவதால், இங்குள்ளவை டெக்சாஸுக்கு மட்டுமே பொருந்தும்.

முதற்படி: உங்கள் மாவட்டம் எது என்று உறுதிசெய்யுங்கள்

இங்கே மாவட்டம் என்பதை நம்மூர்க் கலெக்டர் ஆளும் மாவட்டத்தோடு சேர்த்து நினைக்கக் கூடாது. ஐ.எஸ்.டி. என்ற பெயரில் உள்ள 'சுயேச்சை' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு: நகராட்சிக்கோ கவுன்டிக்கோ கட்டுப்படாமல், தானே வரி விதிக்கும் அதிகாரம் பெற்ற தனி அரசாங்கம் அது. டெக்சாஸில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மக்கள் தேர்ந்தெடுத்த, பெரும்பாலும் ஏழு பேர் கொண்ட அறங்காவலர் குழு நடத்துகிறது. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்கள் நியமிக்கும் தலைமை அதிகாரி சூப்பரின்டென்டென்ட். பட்ஜெட்டைத் தயாரித்துக் குழுவின் முன் வைப்பது அவர் பொறுப்பு.

ஊர்ப் பெயரை நம்பி ஏமாறாதீர்கள். ஃபிரிஸ்கோ நகரத்து முகவரி கொண்ட வீடு லூயிஸ்வில் மாவட்டத்திலோ பிராஸ்பர் மாவட்டத்திலோ இருக்கலாம். மெக்கின்னி, பிளேனோ நகரங்களின் சில பகுதிகள் ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டத்துக்குள் வருகின்றன. முகவரியைக் கவுன்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்தில் இட்டுப் பார்த்தால் எந்தெந்த அமைப்பு அந்த வீட்டுக்கு வரி விதிக்கிறது என்ற பட்டியல் வரும். அதில் பெரும்பாலும் பெரிய தொகைக்கு நேரே இருக்கும் பெயரே உங்கள் பள்ளி மாவட்டம்.

இரண்டாம் படி: வரி ரசீதிலிருந்து தொடங்குங்கள்

பட்ஜெட் புத்தகம் பல மாவட்டங்களில் இருநூறு பக்கம் தாண்டும். அதை முதலில் திறந்தால் தூக்கம்தான் வரும். கையில் இருக்கும் வரி ரசீதே எளிய வாசல்.

பள்ளி வரி விகிதம் இரண்டு பகுதிகளால் ஆனது. எம் அண்ட் ஓ என்று சுருக்கிச் சொல்லப்படும் பராமரிப்பு, நடைமுறைச் செலவுக்கான வரி ஒன்று. ஆசிரியர் சம்பளம், மின்சாரம், பேருந்து எல்லாம் இதிலிருந்து போகும். ஐ அண்ட் எஸ் எனப்படும் கடன் தவணைக்கான வரி இன்னொன்று. கட்டடங்கள் கட்டுவதற்காக விற்ற, பாண்டுகள் எனப்படும் கடன் பத்திரங்களுக்கு அசலும் வட்டியும் இதிலிருந்து கட்டப்படும். கடனுக்கான வரிப் பணத்தைச் சம்பளத்துக்கு எடுத்துப் பயன்படுத்த முடியாது. "புதுசா ஸ்டேடியம் கட்டுறாங்க, ஆனா டீச்சருக்குச் சம்பளம் கூட்டப் பணம் இல்லேன்னு சொல்றாங்களே" என்று வார இறுதி விருந்துகளில் கேட்கும் ஆதங்கத்துக்கு விடை இந்த இரட்டைப் பையில்தான் இருக்கிறது. பாண்டுக்கு வாக்காளர் ஒப்புதல் வேண்டும். 2019இல் வந்த சட்டத்தின்படி, பள்ளி பாண்டு கேட்கும் வாக்குச்சீட்டில் 'இது சொத்து வரி உயர்வு' என்ற வாசகம் கட்டாயம் அச்சாகிறது; பெரிய ஸ்டேடியம் போன்ற சிலவற்றைப் பொதுக் கட்டடச் செலவோடு கலக்காமல் தனித் தீர்மானமாகவே கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் மதிப்பு 5,00,000 டாலர் என்றும், பள்ளி வரி விகிதம் ஒவ்வொரு நூறு டாலருக்கும் 1.05 டாலர் என்றும், அதில் நடைமுறைச் செலவுக்கு 75 சென்ட், கடனுக்கு 30 சென்ட் என்றும் வைத்துக்கொள்வோம். குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு பள்ளி வரியைப் பொறுத்தவரை 2023இல் 1,00,000 டாலராக இருந்தது. 2025 நவம்பரில் வாக்காளர்கள் அதை 1,40,000 டாலராக உயர்த்தினார்கள். ஆகவே வரி 3,60,000 டாலருக்கு மட்டுமே: 2,700 டாலர் நடைமுறைச் செலவுக்கும் 1,080 டாலர் கடனுக்குமாக மொத்தம் 3,780. விலக்கு கோராதவர் அதே வீட்டுக்கு 5,250 டாலர் கட்டுவார். வேறுபாடு 1,470 டாலர்.

இந்த விலக்கு தானாக வராது. மதிப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் இல்லை, ஓட்டுநர் உரிமத்தில் அந்த வீட்டு முகவரியே இருக்க வேண்டும். கிரீன் கார்டு வராதவர்களும் கோரலாம். "விண்ணப்பித்துத் தருகிறோம், நூறு டாலர் அனுப்புங்கள்" என்று அரசு முத்திரை போன்ற ஒன்றைப் பொறித்து வரும் கடிதங்களைக் கிழித்துப் போடலாம். நான் முதல் ஆண்டில் அப்படி ஒரு கடிதத்துக்குக் காசோலையே எழுதி, உறைக்குள் வைத்து, அஞ்சல்தலைக்காகக் காத்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துத் தடுத்தார்.

மூன்றாம் படி: பணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டு மதிப்பு ஏறினால் பள்ளிக்குப் பணம் கொட்டும் என்று நினைப்பது இயல்பு. டெக்சாஸில் அப்படி இல்லை. ஒரு மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் உரியது என்பதை மாநிலச் சட்டத்தின் சூத்திரம் முதலில் முடிவுசெய்கிறது. அந்தத் தொகையில் உள்ளூர்ச் சொத்து வரி எவ்வளவைத் தருகிறதோ அது போக மிச்சத்தை மாநிலம் தரும். உள்ளூர் மதிப்பு ஏறினால் மாநிலத்தின் பங்கு இறங்கும். பள்ளிக்கு வரும் மொத்தம் ஏறக்குறைய அதேதான்.

சூத்திரத்தின் அடிவேர் 'பேசிக் அலாட்மென்ட்' எனப்படும் தலைக்கான அடிப்படைத் தொகை. அது 2019 முதல் ஆறு ஆண்டுகள் 6,160 டாலரிலேயே நின்றது. அந்த ஆறு ஆண்டுகளில் முட்டையும் பெட்ரோலும் காப்பீடும் என்ன விலை ஏறின என்பதை இங்கு வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025இல் சுமார் 850 கோடி டாலர் பள்ளி நிதிச் சட்டம் நிறைவேறியபோது இந்த அடிப்படைத் தொகை 55 டாலர் மட்டும் கூடி 6,215 ஆனது. மீதிப் பணத்தின் பெரும்பகுதி குறிப்பிட்ட செலவுகளுக்கென்று முத்திரையிட்டு வந்தது. எடுத்துக்காட்டாக, 5,000 மாணவர்களுக்கு மேல் உள்ள மாவட்டத்தில் மூன்று, நான்கு ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியருக்கு 2,500 டாலரும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 5,000 டாலரும் சம்பள உயர்வாகப் போயே தீர வேண்டும். ஆகவே "அரசு கோடிக்கணக்கில் கொடுத்தும் பற்றாக்குறை என்கிறார்களே" என்பவரும், "கையில் ஒன்றும் மிஞ்சவில்லை" என்னும் மாவட்டமும் ஒரே நேரத்தில் உண்மை பேச முடியும்.

அடிப்படைத் தொகையின் மேல் பிள்ளையின் தேவைக்கேற்பக் கூடுதல் எடை ஏறும். ஆங்கிலம் கற்கும் நிலையில் உள்ள பிள்ளைக்கு ஒரு பங்கு, சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கு ஒரு பங்கு, வறுமை நிலையில் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு பங்கு, தொழிற்கல்வி வகுப்புகளுக்கு ஒரு பங்கு என்று இந்த எடைகள் போகும். இங்கேதான் நம் வீட்டுக் கதை ஒன்று குறுக்கே வருகிறது. பள்ளியில் சேர்க்கும் நாளில் 'வீட்டு மொழிப் படிவம்' ஒன்றைத் தருவார்கள். வீட்டில் பெரும்பாலும் பேசும் மொழி எது, பிள்ளை பெரும்பாலும் பேசும் மொழி எது என்பவை அதிலுள்ள கேள்விகள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தனி வகுப்பில் தள்ளிவிடுவார்கள் என்று அஞ்சி, வீட்டில் ஆங்கிலம் வாசல்படியைக்கூடத் தாண்டாத குடும்பங்களும் ஆங்கிலம் என்று எழுதிவிடுகின்றன. உண்மையை எழுதுவதே நல்லது. தமிழ் என்று எழுதினால் நான்கு வாரத்துக்குள் ஓர் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். தேறினால் கதை முடிந்தது. தேறாவிட்டால் கூடுதல் உதவி கிடைக்கும். அதை மறுக்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு. அந்த உதவிக்கான பணம் மாவட்டத்துக்கு வருவது இந்தப் படிவத்தில் தொடங்கும் வழியில்தான். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் பேசவும் புரியவும் வராது என்றால், பிரீ-கே எனப்படும் கட்டணமில்லாத மழலையர் வகுப்புக்கே தகுதி உண்டு என்பதையும் பலர் அறிவதில்லை.

இன்னொன்று வருகை. சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கைக்குப் பணம் வருவதில்லை. சராசரி தினசரி வருகைக்கே வருகிறது. ஒவ்வொரு நாளும் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் எடுக்கும் வருகைக் கணக்கு பணமாக மாறுகிறது. ஆண்டுக்கு 175 நாள் பள்ளி நடப்பதாகக் கொண்டால், பத்து நாள் வராத ஒரு பிள்ளையால் அடிப்படைத் தொகையில் மட்டும் சுமார் 355 டாலர் குறையும். ஆனால் அந்தப் பத்து நாளும் ஆசிரியர் வந்திருப்பார், பேருந்து ஓடியிருக்கும், விளக்கு எரிந்திருக்கும். 60,000 பிள்ளைகள் உள்ள மாவட்டத்தில் வருகை ஒரு சதவீதம் இறங்கினால் சுமார் 37 லட்சம் டாலர் போய்விடும். டிசம்பரில் விமானக் கட்டணம் ஏறுவதற்கு முன்பே மதுரைக்குக் கிளம்பிவிடும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. எட்டுப் பள்ளி நாட்கள் போன பிறகு வந்த கடிதத்தில், வகுப்பை முடித்ததற்கான கிரெடிட் கிடைக்கப் பிள்ளை 90 சதவீத நாட்கள் வந்திருக்க வேண்டும் என்ற விதியை மரியாதையாக நினைவூட்டியிருந்தார்கள்.

சூத்திரம் சொல்லும் தொகைக்கு மேல் உள்ளூர் வரி வசூலானால் மிகுதியை மாநிலம் எடுத்துக்கொள்கிறது. இதற்கு ரீகேப்சர் என்று பெயர். பேச்சுவழக்கில் 'ராபின் ஹூட்'. சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பள்ளி மாவட்டம் தொடுத்த வழக்கில், நிதிமுறை அரசியலமைப்புக்கு முரணானது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 1993இல் இந்த முறை வந்தது. ஆஸ்டின், பிளேனோ போன்ற மாவட்டங்கள் இதில் பெருந்தொகை கட்டுகின்றன. பட்ஜெட்டின் செலவுப் பக்கத்தில் 91 என்ற குறியீட்டெண்ணுக்கு நேரே இருப்பது இந்தத் தொகைதான். உங்கள் மாவட்டத்தின் பிள்ளைகளுக்குச் செலவாகும் பணத்தைப் பார்க்கும்போது அதை முதலில் கழித்துவிடுங்கள்.

நான்காம் படி: பட்ஜெட்டில் இந்தப் பக்கங்களை மட்டும் திறங்கள்

மாவட்டங்களின் நிதியாண்டு ஜூலை 1 அல்லது செப்டம்பர் 1 அன்று தொடங்கும். அதற்குள் பட்ஜெட் நிறைவேற வேண்டும் என்பதால், ஜூன் அல்லது ஆகஸ்ட் மாதக் கூட்டமே முக்கியமானது. கூட்டத்துக்கு 10 முதல் 30 நாட்களுக்கு முன் செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும்; பட்ஜெட் சுருக்கம் மாவட்டத்தின் தளத்திலும் இருக்கும். குழு வாக்களிப்பது மூன்று நிதிகளுக்கு: பொது நிதி, உணவு நிதி, கடன் நிதி. நமக்கு வேண்டியது பெரும்பாலும் பொது நிதி.

செலவை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டுவார்கள். எதற்காகச் செலவு என்பது ஒரு பிரிப்பு: 11 வகுப்பறைக் கற்பித்தல், 12 நூலகம், 23 பள்ளி நிர்வாகம், 31 கவுன்சலர்கள் எனப்படும் மாணவர் ஆலோசகர்கள், 33 மருத்துவ உதவி, 34 பேருந்து, 36 விளையாட்டும் கலையும், 41 தலைமை அலுவலகம், 51 கட்டடப் பராமரிப்பு, 52 பாதுகாப்பு. எந்த வகைச் செலவு என்பது இன்னொரு பிரிப்பு: 6100 சம்பளம், 6200 ஒப்பந்தப் பணி, 6300 பொருட்கள் என்று போகும். மாநிலம் முழுவதும் இந்த எண்கள் ஒன்றே என்பதால், உங்கள் மாவட்டத்தைப் பக்கத்து மாவட்டத்தோடு ஒப்பிடலாம். அப்போது மொத்தத் தொகையை ஒப்பிடாமல் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்.

பொது நிதியில் ஐந்தில் நான்கு பங்கோ அதற்கும் மேலோ சம்பளமாகப் போவது இயல்பு. பற்றாக்குறை வந்தால் பேப்பரும் பென்சிலும் குறைத்துச் சமாளிக்க முடியாது. ஆட்கள் குறைய வேண்டும், அல்லது பள்ளிகள் மூட வேண்டும். பிளேனோவில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்ததால் நான்கு பள்ளிகளை மூட 2024 ஜூனில் குழு வாக்களித்தது. வரியைக் கூட்டலாமே என்றால், குறிப்பிட்ட வரம்பைத் தாண்ட வாக்காளர்களைக் கேட்க வேண்டும். ஃபிரிஸ்கோவில் 2024 நவம்பரில் மாவட்டம் கேட்ட வரி உயர்வையும் பாண்டுகளையும் வாக்காளர்கள் நிராகரித்தார்கள்.

நான் தவறாமல் பார்க்கும் எண் 31. கவுன்சலர் ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு அதிலிருந்து பிறக்கிறது. கல்லூரிக்கும் வேலைக்கும் பிள்ளைகளைத் தயார்செய்வோம் என்று சுவரொட்டி ஒட்டிவிட்டு, அந்த வேலையைச் செய்யும் ஆட்களைக் குறைக்கும் மாவட்டத்தின் சுவரொட்டியை நான் நம்புவதில்லை. 52ஐப் பார்க்கும்போது இன்னொன்றை நினைவில் வையுங்கள்: 2023 சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதம் தாங்கிய காவலர் வேண்டும் என்றது, அதற்குப் பள்ளிக்கு 15,000 டாலர் ஒதுக்கியது. அந்தத் தொகையில் காவலர் ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் கொடுக்க முடியாது. மீதி பொது நிதியிலிருந்துதான் போயிற்று.

ஐந்தாம் படி: இலக்குகளைப் படியுங்கள்

2019ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு மாவட்டக் குழுவும் ஐந்தாண்டு இலக்குகளை ஏற்க வேண்டும் என்றது. மூன்றாம் வகுப்பில் வாசிப்பு, மூன்றாம் வகுப்பில் கணிதம், பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் ஆயத்தநிலை ஆகியவை அவை. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு சதவீதம் குறித்து, மாணவர் பிரிவுவாரியாகவும் பிரித்து, தளத்தில் வெளியிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை பொதுக் கூட்டத்தில் எங்கே நிற்கிறோம் என்று சொல்ல வேண்டும். இரண்டு, மூன்று பக்கமே இருக்கும் இந்த ஆவணம், இருநூறு பக்கப் பட்ஜெட்டைவிட அதிகம் பேசும்.

மூன்றாம் வகுப்பு இலக்கைப் படிக்க 'ஸ்டார்' என்ற மாநிலத் தேர்வின் நான்கு நிலைகள் தெரிய வேண்டும்: எட்டவில்லை, நெருங்குகிறார், எட்டினார், தேர்ந்தவர். 'நெருங்குகிறார்' என்பதே தேர்ச்சி. ஆனால் இலக்கு 'எட்டினார்' நிலையில்தான் வைக்கப்படுகிறது. சாதனைப் பட்டியலில் 80 சதவீதம் தேர்ச்சி என்று பெரிய எழுத்தில் வந்தால், எந்த நிலையில் என்று கேளுங்கள். அதே பிள்ளைகளில் 'எட்டினார்' நிலையில் உள்ளவர்கள் கணிசமாகக் குறைவாக இருப்பார்கள். இந்தத் தேர்வே 2027-28 கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு மூன்று சிறு தேர்வுகளாக மாறுகிறது. அந்த ஆண்டின் எண்களை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும்.

பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் ஆயத்தநிலைக்குப் பெயர் 'சி.சி.எம்.ஆர்.': கல்லூரி, தொழில், ராணுவம் ஆகிய மூன்றில் ஒன்றுக்காவது ஆயத்தம் என்று பொருள். இதை எட்டப் பல வழிகள் உள்ளன. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் ஆங்கிலத்தில் 480, கணிதத்தில் 530 எடுக்கலாம், கல்லூரித் தரப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வு ஒன்றில் 3 எடுக்கலாம், உயர்நிலைப் பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடம் படித்து உரிய கிரெடிட் பெறலாம், தொழில்துறை ஏற்ற சான்றிதழ் ஒன்றைப் பெறலாம், படையில் சேரலாம். ஒன்று போதும். எட்டு ஏ.பி. தேர்வில் 5 எடுத்து கணினிப் பொறியியலுக்குப் போகும் பிள்ளையும், ஒரே ஒரு சான்றிதழ் பெற்ற பிள்ளையும் இந்தக் கணக்கில் ஒருவரே. அதில் தவறில்லை, மின்பணிச் சான்றிதழோடு வெளியே வரும் பிள்ளையின் வருமானம் பல பட்டதாரிகளை வெட்கப்பட வைக்கும். ஆனால் சான்றிதழ்களில் தரமானவையும் உண்டு, எண்ணிக்கைக்காக வாங்கித் தரப்படுபவையும் உண்டு. ஆகவே மொத்தச் சதவீதத்தை விட்டுவிட்டு, எந்த வழியில் எத்தனை பேர் என்ற உட்பிரிவைப் பாருங்கள். அது மாநிலத்தின் ஆண்டறிக்கையில் பள்ளிவாரியாகவே கிடைக்கும்.

இந்த ஆயத்தநிலைக்குப் பணமும் உண்டு. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் தயாராகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊக்கத்தொகை என்று 2019 சட்டம் வகுத்தது: வறுமை நிலையில் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு 5,000 டாலர், மற்றவருக்கு 3,000 டாலர். பட்ஜெட்டும் இலக்கும் நேரடியாகக் கைகோக்கும் இடம் இது. பல மாவட்டங்கள் ஏன் எல்லாப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கட்டணம் வாங்காமல் எஸ்.ஏ.டி. நடத்துகின்றன என்பதற்கு அக்கறையோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

ஆறாம் படி: எழுத்துத் தரத்தைச் சந்தேகத்தோடு படியுங்கள்

மாநிலக் கல்வித்துறை ஒவ்வொரு பள்ளிக்கும் மாவட்டத்துக்கும் ஏ முதல் எஃப் வரை தரம் இடுகிறது. மாணவர் சாதனை, வளர்ச்சி ஆகிய இரண்டில் எது உயர்ந்ததோ அதற்கு 70 சதவீதம், பிரிவுகளுக்கு இடையிலான இடைவெளியைக் குறைத்ததற்கு 30 சதவீதம் என்பது கணக்கு. உயர்நிலைப் பள்ளியின் சாதனைப் பகுதியில் ஸ்டாருக்கு 40, ஆயத்தநிலைக்கு 40, பட்டம் பெறும் விகிதத்துக்கு 20 என்று பங்கு பிரியும்.

2023இல் விதிகளை மாற்றியபோது, ஆயத்தநிலையில் 'ஏ' பெறத் தேவையான அளவு 60 சதவீதத்திலிருந்து 88க்கு ஒரே தாவலில் ஏறியது. மாவட்டங்கள் வழக்குத் தொடுத்தன. 2023ஆம் ஆண்டுத் தரங்கள் 2025 ஏப்ரலில்தான் வெளியாயின. 2024, 2025 ஆகிய இரண்டும் 2025 ஆகஸ்டில் சேர்ந்தே வந்தன. ஆகவே பள்ளி ஏ-யிலிருந்து பி-க்கு இறங்கியிருந்தால், பள்ளி மாறியதா அளவுகோல் மாறியதா என்று பார்க்காமல் வீடு மாறாதீர்கள். ஆயத்தநிலை எண்கள் முந்தைய ஆண்டு வெளியேறிய பிள்ளைகளுடையவை என்பதையும் மறக்க வேண்டாம்.

எழுத்துத் தரத்தைவிட ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கை பயனுள்ளது. ஆசிரியர்களின் சராசரி அனுபவம், ஓராண்டில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம், வகுப்பின் அளவு எல்லாம் அதில் உண்டு. அறிக்கை வந்த 90 நாட்களுக்குள் அதன் மேல் பொது விசாரணை நடத்த வேண்டும் என்பது விதி. நிதி நிர்வாகத்துக்குத் தனியாக 'ஃபர்ஸ்ட்' என்ற தரம் இருக்கிறது. பெரும்பாலான மாவட்டங்கள் அதில் உயர்தரமே பெறுகின்றன. பெறாவிட்டால் மட்டும் நின்று பாருங்கள்.

ஏழாம் படி: கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள்

விசாவில் இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் அறங்காவலர் கூட்டத்தில் பேச வாக்குரிமை தேவையில்லை. 2025 செப்டம்பர் முதல், கூட்ட அறிவிப்பு மூன்று வேலை நாட்களுக்கு முன்பே வெளியாக வேண்டும். பட்ஜெட் பற்றிய கூட்டமானால் முன்வைக்கப்படும் பட்ஜெட்டும், நடுத்தர மதிப்புள்ள ஒரு வீட்டுக்கு வரி எவ்வளவு மாறும் என்ற குறிப்பும் அதோடு இருக்க வேண்டும். நிகழ்ச்சிநிரலில் உள்ள பொருளைப் பற்றிப் பேச, குழு அதை எடுத்துக்கொள்ளும் முன்போ எடுக்கும்போதோ பொதுமக்களை அனுமதிக்க வேண்டும் என்பது சட்டம். பல மாவட்டங்களில் முன்கூட்டியே பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். சிலவற்றில் அன்றைய நண்பகலோடு பதிவு மூடிவிடும். பெரும்பாலும் மூன்று நிமிடம் தருவார்கள். மொழிபெயர்ப்பாளரோடு பேசுகிறவருக்கு அதைப் போல் இரு மடங்கு நேரம் தர வேண்டும். பேரப்பிள்ளைகளோடு இங்கே வாழும் தாத்தா பாட்டிகள் தமிழிலேயே பேசலாம். மகனோ மகளோ பக்கத்தில் நின்று சொன்னால் போதும்.

பதில் உடனே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நிகழ்ச்சிநிரலில் இல்லாத ஒன்றைக் கேட்டால், அதை விவாதிக்கக் குழுவுக்கே சட்டம் இடம் தராது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நன்றி என்பார்கள். அது அவமதிப்பு அல்ல. புகாரைவிட, எண்ணைச் சுட்டிக் கேட்கும் கேள்விக்குப் பலன் அதிகம். நான் கேட்டது இவ்வளவுதான்: "மூன்றாம் வகுப்பு வாசிப்பு இலக்கை இந்த ஆண்டு எட்டவில்லை என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. அடுத்த ஆண்டுப் பட்ஜெட்டில் எந்த எண்ணுக்கு நேரே அதற்கான பணம் இருக்கிறது?" நாற்பது விநாடியில் முடிந்துவிட்டது. ஒன்பது நாள் கழித்து, 11ஆம் எண்ணில் இரண்டு வாசிப்புப் பயிற்றுநர் பணியிடங்கள் எந்தெந்தப் பள்ளிகளுக்கு என்று மின்னஞ்சல் வந்தது.